ஒருவாறான மாறுபாடு

பதினான்காம் பக்கம், மேலிருந்து ஆறாவது வரி. 'மண்ணின் பண்புநிலையில் ஒருவாறான மாறுபாடு காணப்படுகிறது.' வாசுகி மூன்றாவது முறையாக வாசித்தாள். வாசிக்க வாசிக்க அது மாறிவிடும் என்பது போல. கல்யாண மண்டபத்தின் மின்விசிறிகள் சூடான காற்றை அங்கிருந்து இங்கும் இங்கிருந்து அங்குமாகத் தள்ளிக்கொண்டிருந்தன. மேடையில் முந்தின முகூர்த்தத்தின் தெர்மாகோல் எழுத்துகளை யாரோ பாதி பிய்த்துவிட்டு மீதியை விட்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் பெயர் போய்விட்டது, மணப்பெண் யாழினி மட்டும் இருந்தாள். அவளுக்கு மேலே 'பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம்' என்று பச்சைத் துணி. அதன் கீழே அதிகாரிகள், தண்ணீர் பாட்டில்கள், ஒரு பூச்சாடி. சின்னோடைப்பாளையத்துச் சாய ஆலையை இரண்டு மடங்காகப் பெருக்க அனுமதி கேட்டிருக்கிறார்கள். கேட்பதற்கு முன்னால் சுற்றுவட்டார மண்ணை ஒருவர் ஆராய்ந்து சொல்ல வேண்டும் என்பது சட்டம். சொன்னவள் வாசுகி. வேளாண் கல்லூரியில் மண்ணியல் பேராசிரியர். பதினோரு மாதம், நாற்பத்திரண்டு குழிகள். ஆங்கிலத்தில் அவள் எழுதிக் கொடுத்தது 'சிவியர் டிக்ரடேஷன்' என்ற இரண்டு சொற்கள். கடுமை என்று பொருள்படும் அந்த முதல் சொல்லைப் போடலாமா வேண்டாமா என்று நான்கு நாள் யோசித்துத்தான் போட்டாள். ஊர்க்காரர்கள் படிப்பதற்கென்று ஒரு தமிழ்ச் சுருக்கம் அச்சடித்து வாசலில் கொடுத்தார்கள். அதில் பதினான்காம் பக்கத்தின் தலையில் அவள் பெயர், பட்டம், கல்லூரி எல்லாம் இருந்தன. கீழே இந்த வரி இருந்தது. மொழிபெயர்த்தவர் பெயர் எங்கேயும் இல்லை. இருக்கத் தேவையில்லை. ஒருவாறான. இந்த உலகத்தில் 'ஒருவாறு' என்று எழுதுகிற ஒரே மனிதர் அவளுக்கு இடது பக்கத்து நாற்காலியில், முழங்கால் அவள் முழங்காலில் பட, காகிதக் கோப்பையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"டீ ஆறிப்போகுது வாசு," என்றார் சேரலாதன். அவளுடைய கணவர். தமிழ்ப் பேராசிரியர். காலையில் அவரேதான், நீ தனியா போக வேண்டாம், கூட்டம் எப்படி இருக்குமோ, துணைக்கு வரேன் என்று காரை எடுத்தார். அவள் கோப்பையை வாங்கிக்கொண்டாள். ஏன் வாங்கினாள்? கை தானாக நீண்டது. இருபத்தொரு வருடத்துப் பழக்கம் கைக்கு இருக்கிறது, அதற்குப் பதினான்காம் பக்கம் தெரியாது. "பத்தொம்பது" என்று ஒலிபெருக்கி கூப்பிட்டது. அவளுடைய டோக்கன் முப்பத்தொன்று. இன்னும் பன்னிரண்டு பேர். ஒருவருக்கு மூன்று நிமிடம் என்றாலும் அரைமணிக்கு மேல் இருக்கிறது. அரைமணியில் என்ன செய்யலாம், எழுந்து வெளியே போய்விடலாம், தலைவலி என்று சொல்லலாம், அவர் உடனே மாத்திரை தேடித் தருவார், அதுதான் பயமாக இருந்தது, அந்த மாத்திரையையும் இந்தக் கை வாங்கிக்கொள்ளும்.

ஒருவாறு நலம். திருமணத்துக்கு முன்னால் அவர் எழுதிய கடிதங்கள் எல்லாம் அப்படித்தான் ஆரம்பிக்கும். ஒருவாறு நலம், ஒருவாறு தேர்வுத்தாள் திருத்தி முடித்தேன். அது என்ன ஒருவாறு, நலம் என்றால் நலம், இல்லையென்றால் இல்லை என்று அவள் கேட்டதற்கு, உங்க மண்ணியல்லதான் எல்லாத்தையும் அளக்க முடியும், மனுஷனுக்கு ஒருவாறுதான் என்று சிரித்தார். அதற்கும் முன்னால், ஒருவரையொருவர் தெரியாத காலத்தில், அவள் வானொலிக்கு ஒரு உழவர் உரை எழுத வேண்டியிருந்தது. எல்லாவற்றுக்கும் தமிழ் கிடைத்தது, டிக்ரடேஷனுக்கு மட்டும் கிடைக்கவில்லை. யாரோ சொல்லி அவர் துறைக்குப் போய் நின்றாள். அவர் உட்காரச் சொல்லிவிட்டு ஒரு அழைப்பிதழின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தார். இது ஒத்தைச் சொல் இல்லைங்க, தமிழ்ல இதை ஏழாப் பிரிச்சு வெச்சிருக்கோம். சீர்கேடு, சீரழிவு, சிதைவு, நலிவு, தரமிழப்பு, படியிறக்கம், இழிவு. பிளாஸ்டிக் மக்கிப் போனால் சிதைவுன்னு போடுங்க. ஆபீஸ்ல ஒருத்தரைக் கீழே இறக்கினா படியிறக்கம், இங்கிலீஷ்ல மூலமும் அதுதான், படியிலேர்ந்து இறக்கறது. ஒரு மனுஷனை மனுஷனா நடத்தாட்டா இழிவு. மண்ணுக்கா? மண்ணுக்குச் சீர்கேடு. சீர் இருந்து கெட்டது. மண்ணுக்கு முன்னாடி ஒரு சீர் இருந்ததுன்னு அந்தச் சொல்லே சாட்சி சொல்லுது பாருங்க. அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் அவள் விழுந்தாள். அதை இப்போது ஒப்புக்கொள்ளலாம். பார்க்க அவர் அப்படியொன்றும் இல்லை, சொல்லைப் பிடித்துக் காட்டிய விதம்தான். ஆக, அவருக்குத் தெரியாமல் இல்லை. இதில் ஆறுதலுக்கு இடமே இல்லை. தெரியாத எவனோ ஒருத்தன் அகராதியைப் பார்த்துத் தப்பாகப் போட்டிருந்தால் போகட்டும் என்று விட்டுவிடலாம். இவர் ஏழையும் கையில் வைத்துக்கொண்டு, ஏழையும் விலக்கிவிட்டு, வேறொன்றைத் தேடிப்பிடித்து வைத்திருக்கிறார். தேடியிருப்பார். பேனாவின் மூடியால் காதோரம் தட்டிக்கொண்டே தேடியிருப்பார். அது எந்த ராத்திரி, எந்த ஞாயிற்றுக்கிழமை? மாசி மாதம் முழுக்க அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கல்லூரி ஆண்டு மலருக்குக் கட்டுரை எழுதுகிறேன் என்றாரே. அவள் வாசலில் காபியை வைத்துவிட்டுத் தட்டிவிட்டு வந்தாளே.

மேடைக்கு எதிரே ஒருவர் வேலைவாய்ப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். ஆலை பெருசானா எங்க ஊர்ப் பொண்ணுங்க நூறு பேருக்கு வேலை. பின்னாலிருந்து நான்கு பேர் கை தட்டினார்கள், ஒரே மாதிரி, ஒரே நேரத்தில் நிறுத்தினார்கள். வாசுகி தேநீரை ஒரு வாய் குடித்தாள். ஆறித்தான் போயிருந்தது. அப்பா ஞாபகம் வந்தது, ஏன் என்று முதலில் புரியவில்லை. கோவில்பட்டியில் அவளுக்கு ஒன்பது வயது. அப்பா பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகர். எங்கே வேண்டுமானாலும் கைகாட்டி ஏறுவார், எங்கே வேண்டுமானாலும் இறங்குவார், அவர் ஏறினால் பஸ்ஸே நிமிர்ந்து உட்காரும் என்று அவள் நினைத்திருந்தாள். ஒருநாள் ஒரு கடிதம் வந்தது. பக்கத்து வீட்டுத் தபால்காரர் படித்துவிட்டு அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார், இதுக்குப் பேரு டிக்ரடேஷன். அந்தச் சொல்லை அவள் முதலில் கேட்டது அன்றுதான். அதில் டிகிரி இருந்தது, கிரேடு இருந்தது. மறுநாள் வகுப்பில் எழுந்து நின்று, டீச்சர், எங்கப்பாவுக்கு டிக்ரடேஷன் கிடைச்சிருக்கு என்றாள். டீச்சரின் முகம். இன்றைக்கும், தூக்கத்துக்குள் போகிற சமயத்தில் சில நாள் அந்த முகம் வந்து அவளை உலுக்கி எழுப்பிவிடும். டீச்சர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. உட்காரும்மா என்றாள், அந்த அம்மா-வை இரண்டு மடங்கு மெதுவாகச் சொன்னாள். அடுத்த மாதம் அப்பா தோளில் தோல்பையை மாட்டிக்கொண்டு மறுபடி கண்டக்டராகப் போனார். எதற்காக இறக்கினார்கள் என்று அவர் சாகும்வரை சொல்லவில்லை. எதிராகச் சாட்சிக் கையெழுத்துப் போட்டது அப்பாவோடு வேலை பார்த்த சூசைமாணிக்கம் மாமா என்பது மட்டும் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அந்த மாமா அதற்குப் பிறகும் வந்தார். வெள்ளிக்கிழமைகளில் வருவார், சாப்பிடுவார். அப்பா அவர் எதிரே உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம் சோறு வெச்சுக்க மாணிக்கம் என்பார். எப்படி முடிந்தது அப்பாவுக்கு? பெரிய மனசு என்று அம்மா சொல்வாள். அவள் வளர்ந்தபின் அதைக் கோழைத்தனம் என்று நினைத்தாள். இப்போது, வலது கையில் ஆறிய தேநீரோடு, இரண்டுமே இல்லை என்று தோன்றியது. அப்பாவுக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை, அவ்வளவுதான். கை சோற்றுக் கரண்டியைப் பிடித்துப் பழகியிருந்தது.

அவளும் ஒரு தடவை செய்திருக்கிறாள். அதை விட்டுவிட்டு யோசிப்பது நியாயமில்லை. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், வேறொரு ஊர், வேறொரு ஆற்றங்கரை. துறைத்தலைவர் கூப்பிட்டு, சிவியர்னு போட வேண்டாமே, மாடரேட்னு போடுங்களேன் என்றார். போட்டாள். ஒரே ஒரு சொல். வீட்டுக்கு வந்து சேரலாதனிடம் சொன்னபோது அவர் சாப்பிடாமல் எழுந்துவிட்டார். நீ அந்த ஊர்க்காரங்க நிலத்தை மாத்தலை வாசு, அது சொன்னதை மாத்திட்டே, என்றார். இரண்டு நாள் பேசவில்லை. அந்த இரண்டு நாளுக்காக அவரை அவள் எவ்வளவு மதித்தாள்! இனி ஒருபோதும் இல்லை என்று தனக்குள் சொல்லிக்கொண்டது அவருக்காகத்தான், மண்ணுக்காகக்கூட இல்லை. இந்தத் தடவை 'சிவியர்' என்ற சொல்லைத் தட்டச்சு செய்துவிட்டு அவரைக் கூப்பிட்டுக் காட்டினாள். பார்த்தார். தலையை ஆட்டினார். நல்லா இருக்கு என்றார். ஆலைக்காரர்கள் அப்போதே அவரிடம் கேட்டிருந்தார்களா, இல்லை அதற்குப் பிறகா? அவர் கல்லூரியை நடத்துகிற அறக்கட்டளையும் இந்த ஆலையும் ஒரே குடும்பத்துக் கையில் இருக்கின்றன. வைகாசியில் கல்லூரி முதல்வர் ஓய்வு பெறுகிறார். அடுத்தது தான்தான் என்று போன வாரம் மகளிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தார், ஒருவாறு உறுதிதான் என்று. அவள் சமையலறையில் பருப்பைக் கடைந்துகொண்டே கேட்டு மகிழ்ந்தாள். மகிழ்ந்தாள், அதுதான். அந்த மகிழ்ச்சியை இப்போது எங்கே கொண்டுபோய் வைப்பது?

"இருபத்தி ஏழு. நாச்சக்காள்." ஒலிபெருக்கி அந்தப் பெயரைச் சொன்னதும் வாசுகி நிமிர்ந்தாள். இடுப்பில் முந்தானையை இறுக்கிச் செருகியபடி ஒரு அம்மாள் மைக்கை நோக்கி நடந்தாள், அறுபது வயதிருக்கும். ஏழாம் குழியும் எட்டாம் குழியும் அவள் தோட்டத்தில்தான் எடுத்தது. தென்னைகளுக்குத் தலை சிறுத்துப் போயிருந்தது. வாய்க்கால் ஓரமெல்லாம் வெள்ளையாக உப்புப் பூத்து, மிதித்தால் அப்பளம் மாதிரி நொறுங்கியது. மூன்றடி தோண்டியும் ஒரு மண்புழு இல்லை.

"எம்பேரு நாச்சக்காளுங்க. நா படிக்கலைங்க. இந்தப் பொஸ்தகத்தை எங்கண்ணன் மருமக படிச்சுக் காட்டுச்சுங்க," என்று நாச்சக்காள் மைக்கைத் தொடாமல், அதிலிருந்து எட்டி நின்று பேசினாள். "அந்தக் காலேசு அம்மிணி எங்க தோட்டத்துல மூணு நாளு குழி தோண்டுச்சு. எங்கூட்டுல உக்காந்து கம்மஞ்சோறு தின்னுச்சு. மண்ணைக் கையில அள்ளி மோந்து பாத்துட்டு, போச்சுங்கம்மா, இது லேசுல தேறாதுன்னு எங்கிட்டச் சொல்லுச்சு. சொல்றப்ப அதும்பட கண்ணு கலங்கிப்போச்சு, நாம் பாத்தேன். இங்க என்னடான்னா என்னமோ மாறியிருக்குதுன்னு எழுதிப்போட்டிருக்குதாமா. மாறியிருக்குதுன்னா என்னங்க? மஞ்ச போட்ட எடத்துல கரும்பு போட்டா அது மாத்தம். இது செத்துப்போச்சுங்க. எங்கிட்ட ஒண்ணு சொல்லிப்போட்டு காயிதத்துல ஒண்ணு எழுதுனா, அதுக்கு உங்க படிப்புல என்னங்க பேரு?"

யாரும் கை தட்டவில்லை. நாச்சக்காள் திரும்பி நடக்கும்போது வாசுகியைப் பார்த்துவிட்டாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருக்கலாம். தெரியாதவளைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு, அதே வேகத்தில் தன் இடத்துக்குப் போனாள். உலகத்தில் இப்போது இரண்டு வாசுகி இருக்கிறார்கள், ஆங்கிலத்தில் ஒருத்தி, தமிழில் ஒருத்தி. தமிழில் இருப்பவள்தான் இந்த ஊருக்குத் தெரிந்தவள். அவளைச் செய்தவர் பக்கத்தில் இருக்கிறார். அவளுடைய பெயரை எடுத்து, அவளுடைய பட்டத்தை எடுத்து, பொம்மைக்குச் சட்டை மாட்டுவது போல அந்த வரியை மாட்டி நிறுத்தியிருக்கிறார். தெருவில் யாராவது பொய் சொல்லிவிட்டார்கள் என்றால் மறுக்கலாம். தன் வாயாலேயே தன்னைப் பொய் சொல்ல வைத்தால் எந்த வாயால் மறுப்பது? இழிவு என்று அவர் கடைசியாக எழுதினாரே, ஒரு மனுஷனை மனுஷனா நடத்தாட்டா என்று. அதுவா இது? சே, அவ்வளவு பெரிய சொல்லெல்லாம் எதற்கு, ஒரு வரிதானே, என்று மனம் உடனே அவர் பக்கம் பேசியது. அவருடைய குரலிலேயே பேசியது.

அவள் புத்தகத்தை அவர் மடியில் வைத்து, வரியின்மேல் விரலை வைத்தாள். "இது நீங்க செஞ்சதா?"

"எது?" அவர் சட்டைப்பையில் கண்ணாடியைத் தேடினார். கிட்டத்தில் படிக்க அவருக்குக் கண்ணாடி தேவையில்லை. தேடி, எடுத்து, துடைத்து, போட்டுக்கொண்டு, பார்த்தார். "ஆமா. கேட்டாங்க. செஞ்சு குடுத்தேன். உங்கிட்டச் சொல்லணும்னுதான் இருந்தேன்."

"எப்போ?"

"இதெல்லாம் முடிஞ்சப்புறம்."

"சிவியர் எங்கே போச்சு?"

"மெதுவாப் பேசு வாசு. பொதுஜனம் படிக்கறது, மிரட்டற மாதிரி இருக்க வேண்டாம்னு சொன்னாங்க. இங்கிலீஷ்ல நீ எழுதினது அப்படியேதான் இருக்கு, யாரும் தொடலை. அரசாங்கம் அதைத்தானே பார்க்கப்போகுது."

"டிக்ரடேஷனுக்கு எனக்கு ஏழு சொல் எழுதிக் குடுத்தீங்க. அதுல மாறுபாடு இருந்ததா?"

அவர் அவளைப் பார்க்காமல் மேடையைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். "எட்டாவதுன்னு வெச்சுக்கோயேன். தப்புன்னு சொல்ல முடியாது. கெட்டுப்போறதும் ஒரு மாறுபாடுதானே."

கெட்டுப்போறதும் ஒரு மாறுபாடுதானே. இதை அவர் இப்போது யோசித்துச் சொல்லவில்லை, இது முன்பே தயாராக இருந்திருக்கிறது. அவள் ஒருநாள் கேட்பாள் என்று தெரிந்து, கதவு சாத்திய அறையில், வரியோடு சேர்த்து இந்தப் பதிலையும் எழுதி மடித்து வைத்திருக்கிறார். அவள் வாசலில் காபியை வைத்துவிட்டுக் கதவைத் தட்டிவிட்டு வந்த அதே அறையில். பயம் போய்விட்டது என்று வாசுகி கவனித்தாள். அதன் இடத்தில் வந்தது தைரியமாகத் தெரியவில்லை. பல் பிடுங்கிய இடத்தில் நாக்கு போய்ப் போய்த் தடவுமே, அப்படி ஒரு வெறும் இடம். மகளுக்கு என்ன சொல்வது? ராத்திரி ஒரே வீட்டுக்குத்தான் போக வேண்டும், ஒரே சாவிதான், அதுவும் அவர் பையில் இருக்கிறது. தன் அறிக்கையை மட்டும் சொல்லிவிட்டு, தமிழில் ஏதோ பிழை நேர்ந்துவிட்டது என்று முடித்துக்கொள்ளலாம். பிழை. அச்சுப்பிழை. எல்லோருக்கும் நல்லது. நாச்சக்காளுக்குக்கூட அது போதும். அவளுக்குப் போதுமா?

"முப்பத்தி ஒண்ணு."

எழுந்தபோது சேரலாதன் அவள் புடவையின் பின்மடிப்பை மெல்ல இழுத்துச் சரிசெய்தார். கூட்டங்களில் எப்போதும் செய்வது. "நிதானமாப் பேசு," என்றார். அவள் நடந்தாள். மைக் உயரமாக இருந்தது, யாரோ வந்து இறக்கிக் கொடுத்தார்கள். பெயரையும் கல்லூரியையும் சொன்னதும் பின்னாலிருந்து ஒரு சலசலப்பு எழுந்தது. 'இதுதானா' என்று ஒரு குரல். அவள் ஆங்கில அறிக்கையை ஒரு கையிலும் தமிழ்ச் சுருக்கத்தை ஒரு கையிலும் தூக்கிப் பிடித்தாள். "ஐயா, என் பேர்ல இந்தப் புத்தகத்துல பதினாலாம் பக்கத்துல இருக்கறது நான் எழுதினது இல்லை. நான் எழுதினதுக்கு அது தமிழும் இல்லை."

மேடையில் நடுவில் இருந்த அதிகாரி பக்கத்தைப் புரட்டினார். "மொழிபெயர்ப்புல தவறுன்னு சொல்றீங்களா, மேடம்?"

பிழை என்று சொல்ல அவளுக்குக் கிடைத்த கடைசி இடம் அது. கதவைத் திறந்து வைத்ததுபோல அவ்வளவு மரியாதையாகக் கேட்டார்.

"தவறு இல்லைங்க. தெரிஞ்சு செஞ்சது. செஞ்சவருக்கு ரெண்டு மொழியும் நல்லாத் தெரியும்."

குறிப்பெழுதிக்கொண்டிருந்த பெண் அலுவலர் தலையைத் தூக்கினாள். "செஞ்சவர் யாருன்னு சொல்லணும் மேடம். பதிவு பண்ணணும்."

"சேரலாதன். தமிழ்ப் பேராசிரியர்." அவர் கல்லூரியின் பெயரையும் அவள் சொன்னாள்.

"அவரை உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என் வீட்டுக்காரர்."

பேனா நின்றது. "இங்கே வந்திருக்காரா?" என்று அதிகாரி கேட்டார், கேட்டிருக்கக் கூடாதோ என்பது போல. யாரும் சுட்டிக்காட்டவில்லை. ஆனால் எட்டாவது வரிசையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது, சேரலாதன் எழுந்து நின்றார். ஏன் எழுந்தார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. மேடையில் பெயர் சொன்னால் எழுந்து நிற்பது அவருக்குப் பழக்கம்; இருபது வருடமாகச் சால்வை போர்த்துவதற்குத்தான் அவர் பெயரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். எழுந்தவர் கைகளைக் குவித்து நாலாபக்கமும் பார்த்து வணக்கம் சொன்னார். பாதியில் கை அந்தரத்தில் நின்றுவிட்டது. அந்தக் கைகளை வாசுகி பார்த்தாள். அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. இத்தனை பேர் நடுவில் ஒரு மனிதர் உட்காரவும் தெரியாமல் நிற்கவும் தெரியாமல் இருப்பதைப் பார்க்க முடியவில்லை. ஓடிப்போய் அவரை உட்கார வைக்க வேண்டும் போல இருந்தது. கால் ஒரு அடி நகரவும் செய்தது. அவள் மைக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் தானாகவே உட்கார்ந்தார். பக்கத்தில் அவள் விட்டுப்போன நாற்காலியில் அவளுடைய கைப்பை இருந்தது. அதை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"நீங்க எழுதினதைச் சொல்லுங்க மேடம்," என்றார் அதிகாரி. "தமிழ்லயே சொல்லுங்க."

வாசுகி ஆங்கில அறிக்கையைத் திறந்தாள். எழுத்து மங்கித் தெரிந்தது. எதிரே எழுநூறு பேர் காத்திருந்தார்கள். அறிக்கையை மூடிவிட்டு, எந்தச் சொல்லில் ஆரம்பிப்பது என்று தெரியாமலே, "நாங்க நாப்பத்திரண்டு இடத்துல குழி தோண்டினோம்," என்று ஆரம்பித்தாள். "ஏழாவது குழி..."

"சத்தமாச் சொல்லு அம்மிணி," என்று பெண்கள் பக்கத்திலிருந்து நாச்சக்காளின் குரல் வந்தது. "பின்னால கேக்கறதில்ல."